உப்பாத உருண்டைகள்

மன்னார்குடியில் ஓர் அரிசி ஆலையின் அலுவலகத்தில் பில் போடும் வேலை பார்த்தாள் ஷம்சாத். கணவன் ஜாஃபர் சாதிக் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்குபவன். மாமி மகன்தான். அதனால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவளுக்கு அவன் மச்சான். முதல் பிள்ளை இர்பான் எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே சளி கட்டி, மூச்சுத் திணறிப் போய்விட்டான். நிமோனியா என்றார்கள். அல்லா கொடுத்தான், அல்லா எடுத்துக்கொண்டான் என்று வீட்டில் எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். அவளும் தேற்றிக்கொண்டாள். மறு வருஷமே நிலோஃபர் வயிற்றில் வந்துவிட்டாள்.

நிலோஃபரை முத்தமிட்டால் உதடு கரிக்கும். சித்திரை வெயிலில் ஓடியாடிவிட்டு வந்தால் நெற்றியோரம் வெள்ளையாகப் பூத்து நிற்கும். "வேதாரண்யத்துல பொறந்திருக்க வேண்டிய புள்ள, வழி தவறி இங்க வந்துருச்சு" என்று மாமி ஹபீபுன்னிசா சிரிப்பார். பெண் நன்றாகச் சாப்பிடுவாள், ஆனால் உடம்பில் ஒட்டாது. இருமல் மட்டும் விடாது. காசநோய் என்று சொல்லி ஒரு தடவை ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், பிறகு இன்னொரு தடவையும் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. இருமல் அப்படியேதான் இருந்தது.

பதினோரு வயதில்தான் தஞ்சாவூரில் டாக்டர் விஜயத்திடம் போய்ச் சேர்ந்தார்கள். குழந்தைகளின் நெஞ்சு நோய்க்கென்றே இருந்த வயதான டாக்டரம்மா. ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி ஷம்சாத்துக்குச் சிரிப்பாக இருந்தது.

"புள்ளைக்கு முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குமாம்மா?"

"ஆமாங்க. எங்க வீட்டுல அதைச் சொல்லித்தான் கேலி பண்ணுவாங்க" என்று சிரித்தபடியே சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் ஷம்சாத்தின் சிரிப்பும் பாதியில் நின்றது.

வேர்வையைச் சோதித்தார்கள். ரத்தம் சென்னைக்குப் போய் வந்தது. நோய்க்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். அந்தப் பெயர் வாயில் நுழைய ஷம்சாத்துக்கு ஒரு வாரம் ஆயிற்று.

"நம்ம செல்லுக்குள்ள உப்பு போய் வர ஒரு கதவு இருக்கும்மா" என்று விஜயம் விளக்கினார். "இவளுக்கு அந்தக் கதவு சரியா அமையல. உப்பு போகாத எடத்துக்குத் தண்ணியும் போகாது. அதான் நெஞ்சுச் சளி பசை மாதிரி இறுகிப்போய் வெளிய வரமாட்டேங்குது. அதுல கிருமி குடியேறிடுது."

"இது யாராலங்க வந்துச்சு?"

"அம்மாகிட்டேர்ந்து ஒரு பாதி, அப்பாகிட்டேர்ந்து ஒரு பாதி. அவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இருக்காது. யார் மேலயும் தப்பு இல்லம்மா."

யார் மேலும் தப்பில்லை என்றால் யார் மேல் கோபப்படுவது? ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நிலோஃபர் தோளில் சாய்ந்து தூங்கினாள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது ஷம்சாத்துக்கு இர்பானின் நெற்றி நினைவுக்கு வந்தது. அவனும் கரித்தான். பால் கொடுக்கும்போதெல்லாம் தன்னுடைய வேர்வைதான் ஒட்டிக்கொண்டது என்று நினைத்து முந்தானையால் துடைத்துவிட்டிருக்கிறாள். முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள், பெண் விழித்துக்கொள்ளாதபடி.

ஆலையில் தவிட்டுத் தூசி துணியோடு வீட்டுக்கு வருகிறது என்று வேலையை விட்டாள். காலையும் மாலையும் மகளைக் குப்புறப் படுக்க வைத்து, கையைக் குவித்து முதுகில் தட்டிச் சளியை இளக்க வேண்டும். மருந்தை ஆவியாக்கித் தரும் மெஷினை மூக்கில் வைக்க வேண்டும். சாப்பாட்டோடு செரிமான மாத்திரை தர வேண்டும். எல்லாம் செய்தாள். அப்படியும் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது.

வெளிநாடுகளில் புது மாத்திரை ஒன்று வந்திருக்கிறது, அதைத் தின்ற பிள்ளைகள் எழுந்து ஓடுகிறார்கள் என்று ஜாஃபர் செல்போனில் பார்த்துவிட்டுச் சொன்னான். ஷம்சாத் விஜயத்திடம் ஓடினாள்.

"இருக்கு" என்றார் விஜயம். "ஆனா அந்த மாத்திரை கோணலா இருக்குற கதவைத்தான் நிமிர்த்தும். அந்தக் கதவு கெட்டுப்போறதுல நூத்துக்கணக்குல வகை உண்டு. நிலோஃபருக்கு இருக்குற கோளாறை இதுவரைக்கும் எங்கயும் யாரும் எழுதி வைக்கல. அது கேக்குமா கேக்காதான்னு சொல்ல ஆளில்ல. ஈரலைக் கெடுக்குற மருந்தும்மா அது. சும்மா குடுத்துப் பாப்போம்னு நான் குடுக்க மாட்டேன்."

"வேற வழியே இல்லீங்களா?"

"ஒண்ணு இருக்கு. மாத்திரைய இவளுக்குக் குடுக்காம, இவ குடலுக்கு மட்டும் குடுத்துப் பாக்கலாம்."

தஞ்சாவூருக்கு வெளியே இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்கு அவர் அனுப்பிவைத்தார். அங்கே ஸ்ரீவித்யா என்ற பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். எதையும் வேகமாகப் பேசுவாள், பிறகு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மெதுவாகச் சொல்லுவாள். ஆசனவாய் வழியாகக் குடலின் உள்தோலில் கடுகளவு கிள்ளி எடுப்பார்கள். அதிலிருக்கும் ஸ்டெம் செல் எனும் மூலச் செல்களைப் பிரித்து ஜெல்லியில் பதித்து ஊட்டம் கொடுத்தால், அவை தாமாகவே கூடி, உள்ளே காலியான சின்னச் சின்ன உருண்டைகளாக வளரும். ஒவ்வொன்றும் நிலோஃபரின் குடலைப் போலவே நடந்துகொள்ளும். ஆர்கனாய்டு என்று அதற்குப் பெயர்.

"கதவைத் திறக்கச் சொல்ற ஒரு மருந்தை ஊத்துவோம்க்கா. சாதாரண ஆளோட உருண்டைன்னா உப்பு உள்ள போகும், கூடவே தண்ணியும் போகும், பூரி மாதிரி உப்பும். நிலோஃபரோடது உப்பாது. அப்பறம் அந்த மாத்திரையச் சேர்த்து வச்சு ஊத்துவோம். அப்ப உப்பிச்சுன்னா மாத்திரை இவளுக்குக் கேக்கும்னு அர்த்தம்."

"உப்பலன்னா?"

"பாக்கலாம்க்கா" என்றாள்.

பொங்கல் முடிந்து முதல் தடவை கிள்ளி எடுத்தார்கள். வலி பெரிதாக இல்லை. நிலோஃபருக்கு வெட்கம்தான். வீட்டுக்கு வந்ததும் ஒருநாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. மறுநாள் வாய் திரும்பிவிட்டது. "என் குடல் அங்க ஏசி ரூம்ல ஜம்முனு இருக்கு. நான் இங்க கரண்ட் இல்லாம வேர்த்துக்கிட்டுக் கெடக்கேன்" என்றாள். வீடியோ காலில் ஜாஃபர் விழுந்து விழுந்து சிரித்தான்.

இரண்டு வாரம் கழித்து ஸ்ரீவித்யா போன் செய்தாள். கிண்ணத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. குடலிலிருந்து எடுப்பதில் இப்படி ஆவதுண்டாம். எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று. மறுபடி எடுக்க வேண்டும்.

"மாட்டேன்" என்றாள் நிலோஃபர். "அவங்க கெடுத்ததுக்கு நான் எதுக்கு மறுபடி போய்ப் படுக்கணும்? அத்தனை பேருக்கு முன்னாடி. நான் செத்தாலும் பரவால்ல."

ஷம்சாத் கெஞ்சினாள், அதட்டினாள். கடைசியில் மகள் காலைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகம்மா. நிலோ, அம்மாவுக்காக" என்றாள். காலை உதறிக்கொண்டு, "எந்திரிம்மா, அசிங்கமா இருக்கு" என்று நிலோஃபர் அழுதாள். அப்படித்தான் சம்மதித்தாள்.

இந்தத் தடவை உருண்டைகள் வளர்ந்தன. அவை வளர்ந்துகொண்டிருந்த நாட்களில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, மாத்திரை வந்து சேர்ந்தது. ஜாஃபரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் டாக்காக்காரன். அவன் ஊரில் அந்த மாத்திரையைச் செய்து விற்கிறார்கள் என்று தெரிந்ததும், ஜாஃபர் அவனைப் பிடித்து ஒரு மாதத்துக்கான டப்பா ஒன்றை வாங்கி, ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்தனுப்பினான். "டெஸ்ட் முடியட்டும், கையில இருக்கட்டும்" என்றான். ஷம்சாத் அதைப் பீரோவில் துணிக்கடியில் வைத்துப் பூட்டினாள்.

இன்னொன்று, இளவழகனோடு ஏற்பட்ட பழக்கம். அவன் திருவிடைமருதூர்க்காரன். அறுவடை மெஷின் ஓட்டுபவன். அவனுடைய ஆறு வயது மகள் யாழினிக்கும் இதே நோய். அவள் உருண்டைகளும் அதே கூடத்தில் வளர்ந்துகொண்டிருந்தன. விஜயத்தின் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பெண்களும் பக்கத்துப் பக்கத்தில் மூக்கில் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நிலோஃபர் அந்தக் குட்டிக்கு மருதாணி வைத்துவிட்டாள்.

வைகாசியில் ஒருநாள் இளவழகன் அந்த வராந்தாவில் ஓடிவந்தான். "அக்கா! எம்பொண்ணுது உப்பிருச்சுக்கா! நல்லா உப்பியிருக்காம். டாக்டரம்மா இப்பத்தான் சொன்னாங்க" என்றவன் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தான். அப்புறம் அழுதான். "மாத்திரைக்கு எங்க போறதுன்னுதான் தெரியல. ஆனா உப்பிருச்சுக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஷம்சாத். மனதாரச் சொன்னாள். தன் மகளுக்கும் அதே சேதி இன்றோ நாளையோ வரும் என்ற நம்பிக்கையில் சொன்னது அது.

வரவில்லை. நிலோஃபருடையவை உப்பவில்லை என்று விஜயம் சொன்னதை அவள் ஏற்கவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். ஸ்ரீவித்யா கணினித் திரையில் ஒரு மணி நேரப் படத்தைச் சுருக்கி ஓட்டிக் காட்டினாள். மாத்திரை கேட்கும் என்று முன்பே தெரிந்த வேறொருவரின் உருண்டைகள் ஒரு பக்கம். அவை மெல்ல மெல்லப் புடைத்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. இன்னொரு பக்கம் நிலோஃபருடையவை. படம் நின்றுவிட்டதோ என்று தோன்றும்படி அவை இருந்தபடியே இருந்தன.

"மருந்து கம்மியா ஊத்தியிருப்பீங்க."

"கூட்டியும் பாத்தோம்க்கா. மூணு தடவை செஞ்சாச்சு."

"இன்னும் கொஞ்சம் நேரம் விட்டிருந்தா?"

"ஒருநாள் பூரா விட்டுப் பாத்தோம்."

"அப்ப இது எம்மக உருண்டை இல்ல. மாத்தி வச்சுட்டீங்க." அவள் குரல் அந்தக் கண்ணாடி அறையில் உயர்ந்தது. "ஒருவாட்டி பூஞ்சை புடிக்க விட்டவங்கதானே நீங்க!"

ஸ்ரீவித்யா கோபப்படவில்லை. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னாள். "நிலோஃபருக்குக் கதவு கோணலா இல்லக்கா. கதவே உருவாகல. இல்லாத கதவை எந்த மாத்திரை நிமிர்த்தும்?" சொல்லிவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து ஷம்சாத் பீரோவைத் திறந்தாள். ஜெல்லியில் வளர்ந்தது ஏதோ ஓர் உருண்டை. அதற்காக அல்லாவிடம் துஆ கேட்கத் தாய் உண்டா? உயிரும் ரத்தமுமாக நிற்கிற பிள்ளையும் அதுவும் ஒன்றா? புது வைட்டமின் என்று சொல்லி மாத்திரையை மகள் கையில் கொடுத்தாள். ஜாஃபரிடம் மட்டும் சொன்னாள். அவன், "பிஸ்மில்லா சொல்லிக் குடு" என்றான்.

பத்து நாள் நிலோஃபர் பூத்த மாதிரி இருந்தாள். இருமல் குறைந்தது. பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஸ்கூல் யூனிஃபார்ம் இடுப்பில் கொஞ்சம் பிடிக்கிறது என்றாள். அதற்கு முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியில் படுத்து நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அப்படித்தான் இருப்பாள். அது ஷம்சாத்துக்குத் தெரியும். தெரிந்தும் அதை நினைக்க அவள் தன்னை விடவில்லை. "மச்சான், உருண்டை பொய் சொல்லியிருக்கு" என்று போனில் அழுதுகொண்டே சிரித்தாள்.

அப்புறம் வாந்தி தொடங்கியது. இரண்டாம் நாள் நிலோஃபரின் கண் மஞ்சளாயிற்று.

ஆஸ்பத்திரியில் ஈரல் சோதனையைப் பார்த்த விஜயம் ஷம்சாத்தை வராந்தாவுக்கு அழைத்தார். "என்ன குடுத்தே?" அதுவரை அவர் அவளை ஒருமையில் பேசியதில்லை. ஷம்சாத் சொன்னாள். விஜயம் திட்டவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுக்காகத்தானேம்மா அந்தப் புள்ளைய ரெண்டு தடவை படுக்கப் போட்டு எடுத்தோம். இந்த வேதனை அவளுக்கு வரக் கூடாதுன்னுதானே."

மாத்திரையை நிறுத்தியதும் ஈரல் மெல்லத் தேறியது. நுரையீரல் தேறவில்லை. வாந்தியும் பட்டினியுமாக இருந்த அந்த நாட்களில் சளி அடியில் இறங்கிக் கெட்டிப்பட்டுவிட்டது. ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று.

"வைட்டமின்னு சொன்னே" என்றாள் நிலோஃபர், குழாயோடு.

"ஆமா."

"என்கிட்டச் சொல்லிருந்தா நானே தின்னுருப்பேன்மா. எனக்கு மட்டும் ஆசை இல்லியா?"

ஷம்சாத் மகளின் மூக்குக் குழாயைச் சரிசெய்தாள்.

டப்பாவில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. வராந்தாவில் இளவழகன் எதிரில் வருவான். மாத்திரைக்காக எங்கெங்கோ எழுதிப் போட்டிருந்தான், எதுவும் நடக்கவில்லை. யாழினியும் இளைத்துக்கொண்டு வந்தாள். ஒருநாள் அவன் நேராகவே கேட்டான். "உங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுல இருக்காரே, அந்தப் பக்கம் எங்கயாச்சும் கெடைக்குமாக்கா?"

"தெரியலீங்க" என்றாள் ஷம்சாத். "விசாரிக்கிறேன்."

அவன் தலையாட்டிக்கொண்டு போனான். அவன் முதுகைப் பார்த்தபோது அவளுக்கு இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. உப்பிய உருண்டைக்காரன். உன் பெண் பிழைப்பாள், இன்றில்லாவிட்டால் நாளை. எனக்கு ஒரு டப்பாவாவது இருக்கட்டும். அதைக் கொடுத்துவிட்டால் அந்தத் திரையில் பார்த்தது உண்மை என்றாகிவிடும். நிலோஃபருக்கு அந்த மாத்திரை இல்லை, எந்த மாத்திரையும் இல்லை என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும். ஈரல் தேறினால் பாதி அளவு கொடுத்துப் பார்க்கலாம் என்றுகூட ஓர் எண்ணம் இருந்தது. போனில் அதைச் சொல்லத் தொடங்கியபோது ஜாஃபர் இடைமறித்தான். "வேணாம் ஷம்சாத். புள்ளைய நாமளே கொன்னுரக் கூடாது." அவன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வர டிக்கெட் போட்டிருந்தான்.

ஆவணியில் ஒரு காலை யாழினியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குழந்தையின் உதடு நாவற்பழம் தின்றது போலக் கறுத்திருந்தது. இளவழகனின் மனைவி வராந்தாத் தரையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் தன் நெஞ்சையே குத்திக்கொண்டிருந்தாள். ஷம்சாத் எட்டு மாத இர்பானைத் தூக்கிக்கொண்டு அப்படித்தான் ஒருநாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தாங்க முடியாமல் அறைக்குள் போனாள். நிலோஃபர் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமியை மகளுக்குத் துணையாக வைத்துவிட்டு, பஸ் ஏறி மன்னார்குடிக்குப் போய், பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள். டப்பாவை விஜயத்தின் மேஜைமேல் வைத்தாள்.

"அந்தப் புள்ளைக்குக் குடுத்துருங்க. என்கிட்ட இருந்துச்சுன்னு சொல்ல வேணாம். கேட்டப்ப நான் தெரியலன்னேன்."

விஜயம் டப்பாவைப் புரட்டிப் பார்த்தார். "சொல்லித்தான் ஆகணும்மா. எங்கேர்ந்து வந்துச்சு, எப்படி வச்சிருந்தீங்கன்னு அவங்களுக்குத் தெரியணும். அடுத்ததும் வேணும்ல."

விஷயம் தெரிந்து இளவழகன் வந்தான். அவள் எதிரில் நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் திட்டவில்லை. நன்றியும் சொல்லவில்லை. "நிலோஃபர் பாப்பா எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில்தான் அவள் உடைந்துபோய் அழுதாள்.

யாழினிக்கு நாள் தவறாமல் ஈரலைச் சோதித்துக்கொண்டே மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் கட்டிக் கட்டியாகச் சளி வெளியே வந்தது. பத்தாம் நாள் ஆக்சிஜனை எடுத்தார்கள். அடுத்த டப்பாவுக்கு டாக்காக்காரனின் நம்பரை ஜாஃபர் கொடுத்தான். புரட்டாசியில் யாழினியை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். போகும்முன் அந்தக் குட்டி நிலோஃபரின் கட்டிலருகே வந்து கையைக் காட்டி, "மருதாணி போயிருச்சு" என்றது. "அடுத்த தடவை வைக்கிறேன்" என்றாள் நிலோஃபர்.

ஐப்பசி அடைமழையில், வாய்க்காலெல்லாம் தளும்பிக் கிடந்த ஒரு மத்தியானம், தகப்பன் கையைப் பிடித்தபடி நிலோஃபர் போய்ச் சேர்ந்தாள். பதினான்கு முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. கபர்க்குழியில் ஊறிய தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் அடக்கம் செய்தார்கள் என்று பிறகு யாரோ சொல்ல ஷம்சாத் கேட்டாள். ஆஸ்பத்திரியின் பக்கம் அவள் போகவில்லை. ஆலையில் மறுபடி கூப்பிட்டார்கள், அங்கும் போகவில்லை. ஜாஃபர் ஊரிலேயே ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். இருவரும் ஒரே வீட்டில் இருந்தும் பல நாள் பேச்சில்லாமல் கழிந்தது.

தை பிறந்து ஸ்ரீவித்யா வீட்டுக்கே வந்தாள். நிலோஃபரின் உருண்டைகளை அழித்துவிடுவதா, வைத்திருப்பதா என்று பெற்றோரைக் கேட்க வேண்டுமாம். உடம்பிலிருந்து எடுத்ததை மண்ணில்தானே சேர்க்க வேண்டும் என்று ஜாஃபர் தயங்கினான். பள்ளிவாசலில் ஹஜ்ரத் அப்துல் வஹாபைக் கேட்டு வந்தான். இன்னொரு பிள்ளைக்கு வழி தெரியும் என்றால் இருப்பதில் குற்றம் இல்லை, அடக்கம் செய்துவிட்டாலும் குற்றம் இல்லை, தாயின் மனசு எப்படியோ அப்படிச் செய்யுங்கள் என்றிருந்தார் அவர்.

ஷம்சாத் தஞ்சாவூருக்குப் போனாள். "ஒருவாட்டி பாக்கணும்" என்றாள்.

"இப்பப் பாக்க முடியாதுக்கா. உறைய வச்சிருக்கோம், அந்த டேங்க்ல. இளக்கி வளத்தாத்தான் உருண்டையாகும். ஒரு வாரத்துக்கு மேல ஆகும். உங்களுக்காக எடுக்கட்டுமா?"

டேங்க் இடுப்பளவு உயரம். பால் கேன் போல இருந்தது. மூடியோரத்தில் வெண்புகை கசிந்தது. ஷம்சாத் அதன் அருகில் போய் நின்றாள். கையை நீட்டினாள். "தொடாதீங்க, குளிரே சுட்டுரும்" என்று ஸ்ரீவித்யா தடுத்தாள்.

"உள்ள ரொம்பக் குளிருமா?"

"குளிரெல்லாம் தெரியாதுக்கா. தூங்குற மாதிரிதான்."

ஷம்சாத் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "அப்ப எனக்காக எழுப்ப வேணாம்" என்றாள். "கதவே இல்லாத புள்ளைங்களுக்குன்னு என்னைக்காவது ஒரு மருந்து வந்தா, அன்னைக்கு மட்டும் எழுப்புங்க. எனக்கு ஒரு போன் பண்ணிருங்க."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். மன்னார்குடி பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டேதான் வந்தாள்.